வெளியே வந்த சுவிட்ச்

மின்சார வேலைக்காரர்கள் மத்தியில் அவருக்குச் ‘சமாளிப்பு’ என்று பெயர். பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். ஒருமுறை அவர் வேலை செய்த ஒரு வீட்டில் வாசல் மணியை அழுத்தினால் குளியலறை விளக்கு எரிந்தது. விருந்தாளி வந்திருப்பது குளிக்கிறவருக்கும் தெரிய வேண்டாமா என்று கேட்டு, வீட்டுக்காரரைத் தலையாட்ட வைத்துவிட்டு வந்த மனிதர் அவர். அந்த வாயை மட்டும் தனியாகக் கழற்றி அனுப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பார்கள்.

அப்படிப்பட்டவருக்குத்தான் ராணுவ முகாமில் புதிதாக எழும்பிய கட்டடத்தின் மின் வேலை கிடைத்தது. கெடுபிடி என்றால் சாதாரணக் கெடுபிடி இல்லை. வாசலிலேயே கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஸ்குரூடிரைவரை எண்ணி உள்ளே விட்டார்கள், எண்ணி வெளியே விட்டார்கள். ஒன்று குறைந்தால் ஒரு பட்டாளமே உட்கார்ந்து மண்ணைச் சலித்தது. ஒதுங்கப் போனாலும் ஒரு துப்பாக்கி கூடவே வந்து, நாகரிகமாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை வரைபடம். அதைக் கையில் தர மாட்டார்கள். பூட்டிய அறையில், மேஜர் முன்னிலையில், மேசைமேல் விரித்துக் காட்டுவார்கள். பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டு போய் வேலை செய்ய வேண்டும். பேனா, காகிதம் எதுவும் கூடாது. ‘எனக்குத் தலைதான் சார் நோட்டு’ என்று சமாளிப்பு பெருமையடித்துக்கொண்டார்.

ஆனால் மேஜர் உட்கார்ந்தது மேசைக்கு அந்தப் பக்கம், இவர் உட்கார்ந்தது இந்தப் பக்கம். படம் மேஜரைப் பார்த்துத்தான் விரிந்திருந்தது. திருப்பி வையுங்கள் என்று கேட்டால் படம் பார்க்கத் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரோ என்று, தலைகீழாகவே பார்த்துத் தலைகீழாகவே மனதில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

இரண்டு ஆள் படுத்தால் கொள்ளும் அகலத்தில் சுவர். இந்தப் பக்கம் ஒரு நகைச்சுவை சொன்னால் அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்க மறுநாள் ஆகும். காங்கிரீட் கொட்டுவதற்கு முன்பே கம்பிகளுக்கு நடுவே பைப்பையும் சுவிட்ச் பெட்டியையும் கட்டிவிட வேண்டும். கொட்டிய பிறகு அந்தச் சுவரில் ஓர் ஊசி ஓட்டை கூடப் போடக் கூடாது. குண்டு விழுந்தாலும் தாங்க வேண்டிய சுவர் அது.

காங்கிரீட் இறுகி, அதைத் தாங்கி நின்ற பலகையைப் பிரித்த அன்று சமாளிப்பின் முகத்தில் ஈயாடவில்லை. அறைக்குள் இருக்க வேண்டிய சுவிட்ச் பெட்டி, வெளியே நடைவழியில் வாயைத் திறந்துகொண்டு இருந்தது. உள்ளே உட்காருகிறவர் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும், வெளிச்சம் வேண்டுமென்றால் வெளியே வந்துதான் போட வேண்டும்.

கூட வேலை பார்த்த அவர் மனைவியின் தம்பிதான் முதலில் வாய் திறந்தான். “விளக்குல இருந்து ஒரு கயித்து சுவிட்ச் தொங்க விட்டுட்டா முடிஞ்சுது மாமா. வெளிய இருக்கிற சுவிட்சை நிரந்தரமா ஆன்ல போட்டு மூடிடலாம்.”

“ராணுவத்துக்கே கயிறு கட்டச் சொல்றியா மாப்ள? தொங்குற கயித்தைப் பார்த்தா, எவன் கோட்டை விட்டான்னு கேக்க மாட்டாங்களா?”

மேஜர் வந்தார். பெட்டியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், சமாளிப்பைப் பார்த்தார். இவர் வாய் தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது.

“தெரிஞ்சேதான் சார் வெளிய வெச்சது. உள்ள போறவன் எவனா இருந்தாலும், வெளிய நிக்கிறவனுக்குத் தெரியாம வெளிச்சம் போட முடியாது பாருங்க.”

காங்கிரீட் கொட்டும் முன்பு எல்லாம் சரி என்று பார்த்துச் சொன்னது மேஜர்தான். அவர் முகத்திலும் மெல்ல ஒரு நிம்மதி பரவியது. நல்ல யோசனைதான் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அது மேஜரின் யோசனையாக மாறியிருந்தது என்பது வேறு விஷயம்.

மேலிடம் பாராட்டியது. அதோடு விட்டிருந்தால் சமாளிப்பு இன்றைக்கும் அதே பெயரோடு இருந்திருப்பார். ஆனால் இவ்வளவு முக்கியமான சுவிட்சைச் சும்மா விடலாமா? காவலுக்கு ஒரு சிப்பாயைப் போட்டார்கள். அவனுக்கு ஒரு பயிற்சி வேறு: சுவிட்சை எப்படி நிமிர்ந்து நின்று அமுக்குவது, எப்படி விறைப்பாக அணைப்பது என்று. ஒல்லியான ஆள், ஆளைவிடக் கனமான மீசை. காற்றே வராத நடைவழியில் துப்பாக்கியோடு நாள் முழுக்க நின்றான். சமாளிப்பு கடந்து போகும்போதெல்லாம், இந்த நுட்பத்தைக் கண்டுபிடித்த நிபுணர் என்று குதிகால் அதிர ஒரு சல்யூட் அடித்தான்.

முதல் சல்யூட் இனித்தது. அடுத்தடுத்து வந்தவை கழுத்துப்பட்டைக்குள் போன தூசி மாதிரி உறுத்தின. போகப் போக, அந்த நடைவழியைத் தவிர்க்க ஏணியைத் தூக்கிக்கொண்டு கட்டடத்தையே சுற்றிப் போனார்.

ஒருநாள் சிப்பாயே கூச்சத்தோடு பேச்சுக் கொடுத்தான். மகள் பிறந்திருக்கிறாளாம், இன்னும் பார்க்கவில்லையாம். கைபேசி கூடாதென்பதால் படமும் கிடையாது. மூக்கு இவன் மூக்கு என்று முகாம் தொலைபேசியில் வீட்டில் சொன்னார்களாம். இப்போது குப்புற விழவும் தொடங்கிவிட்டாளாம். லீவு கேட்டிருக்கிறான், கிடைக்கவில்லை.

“இந்த வேலைக்குப் பயிற்சி எடுத்த ஆள் நான் ஒருத்தன்தான் அண்ணே. சுவிட்சை விட்டுட்டுப் போக முடியாதுல்ல?” என்றான், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

சமாளிப்பு ஏதோ சொல்ல வந்து, பிளையரைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார். அது அவர் கையில்தான் இருந்தது.

வீட்டில் மச்சான் எல்லாவற்றையும் தன் அக்காவிடம் அவிழ்த்துவிட்டிருந்தான். அவள் திட்டவில்லை. திட்டினால் பதில் சொல்ல அவரிடம் நூறு இருந்தன. சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ஏங்க, அந்தப் பிள்ளை இன்னும் அங்கதான் நிக்குதா?”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு முழக் கயிறு. அதைத் தொங்கவிட்டால் அந்தப் பையன் வீட்டுக்குப் போவான், இவர் மானம் போகும். இத்தனை நாளும் தராசில் மானத்தின் பக்கமே கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது, மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தட்டோடு எழுந்து போய்விட்டார்.

மறுவாரம் பெரிய அதிகாரி பார்வையிட வந்தார். மேஜர் வாயெல்லாம் பல்லாக நடைவழியில் நின்று விளக்கினார். இதே ஏற்பாட்டை இனிக் கட்டப்போகும் எல்லா அறைகளிலும் வைக்கலாம் என்று ஆலோசனை வேறு. அப்படியானால் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு சிப்பாய், ஒவ்வொரு சிப்பாய்க்கும் பார்க்காத ஒரு பிள்ளை என்று சமாளிப்பின் மனக்கணக்கு ஓடியது. பெரிய அதிகாரி இவர் பக்கம் திரும்பி, நீங்கள் சொல்லுங்கள் என்றார்.

சுவிட்சின் அருகே மீசைக்காரன் விறைத்து நின்றான். இவரைப் பற்றிய பெருமை அவன் கண்ணில் பளபளத்தது. சமாளிப்பு வாயைத் திறந்தார். ஆயுளில் முதல் தடவையாக அந்த வாய் கைவிட்டது.

“அது தப்பா வந்தது சார். படத்தைத் தலைகீழா பார்த்துட்டேன்.”

மேஜர் தன் பூட்ஸை அன்றுதான் வாங்கியது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய அதிகாரி அறைக்குள் போனார், கதவைச் சாத்தச் சொன்னார், விளக்கை அணைக்கச் சொன்னார். சிப்பாய் பயிற்சிப்படி விறைப்பாக அணைத்தான்.

உள்ளே அவர் கத்தினாரா, தட்டினாரா, அந்தச் சுவருக்குத்தான் தெரியும். திறக்கச் சொல்லாமல் எப்படித் திறப்பது என்று வெளியே அத்தனை பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் கதவு உள்ளேயிருந்து திறந்தது. பெரிய அதிகாரியின் நெற்றியில் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு புடைப்பு.

“இதுக்கு என்ன வழி?”

“ஒரு கயிறு சார். விளக்குல இருந்து தொங்க விட்டாப் போதும்.”

“எப்போ தெரியும் உனக்கு?”

“முதல் நாளே.”

“அப்புறம் ஏன்யா சொல்லல?”

“வெக்கமா இருந்தது சார்.”

பெரிய அதிகாரி நெற்றியைத் தடவிக்கொண்டு போய்விட்டார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சமாளிப்புக்கு.

கயிறு தொங்கியது. அன்று மாலைக்குள் முகாம் முழுக்க அவர் பெயர் ‘கயிறு’ என்று மாறியது. மச்சான் மட்டும் பழைய பெயரையே விடாமல் கூப்பிட்டான், அது இன்னும் வலித்தது. சிப்பாய்க்கு லீவு கிடைத்தது.

அவன் கிளம்பும் நேரம் பார்த்து இவர் வாசலில் காத்திருந்தார். தன்னால் போகிறான் என்ற சின்ன சந்தோஷத்தைத் தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். பையோடு அவன் வந்தான். வாசல் காவல்காரன் ஒருவன் அவனைப் பார்த்து, காற்றில் கயிறு இழுப்பது போலக் கையைக் காட்டி, நாக்கால் ‘டொக்’ என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். சிப்பாயின் மீசை சற்றுத் தொங்கியிருந்தது. இவரைக் கண்டதும் குதிகால் பழக்கத்தில் சேரப் போய், பாதியில் நின்றது.

“வீட்ல என்னண்ணே சொல்லுவேன்?” என்றான் தணிந்த குரலில். “முக்கியமான இடத்துல காவலுக்கு நிக்கிறேன், அதான் வர முடியலன்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

ரகசியம், சொல்லக் கூடாது என்று சொல்லிவிடு தம்பி, ஊரே உன்னை வியந்து பார்க்கும் என்ற பதில் அழகாகத் தயாராகி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கயிறு பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டார்.

“எம்மேல தப்புன்னு சொல்லுங்க தம்பி. ஒரு மடையன் தப்பா வெச்சான், அதை ஒத்துக்க வெக்கப்பட்டான்னு சொல்லுங்க.”

அவர் கை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டார். சாலை முனையில் பேருந்து நிற்கும் இடம் வரைக்கும் அதைச் சுமந்துகொண்டு அவனுக்குப் பின்னாலேயே நடந்தார். பின்னால் யாரோ மறுபடியும் ‘டொக்’ என்றார்கள். இருவருமே திரும்பவில்லை.