மெட்ராஸில் போட்ட டைட்டில்

...புறா தன்னுடையதேதான், இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது, தான் வளர்த்த கோழியைச் சந்தையில் பார்த்தால் தெரியாமலா போகும், அதே மொட்டை மூக்கு, அதே குட்டைக் கழுத்து, வாயில் மோதிரம், திரையின் இடது ஓரத்தில் கிளம்பிப் பெண் பெயருக்கும் மாப்பிள்ளை பெயருக்கும் நடுவில் வந்து உட்காருகிறது, அட, நாலாவது தடவை சிறகடிக்கும்போது அரைக்கணம் அந்தரத்தில் நிற்குமே, அந்தக் கோளாறைக்கூட விடவில்லையே படுபாவி... ராயப்பராஜ் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். சுவரில் மாட்டியிருந்த டி.வி.யில் அந்தக் கல்யாண வீடியோ டைட்டில் விளம்பரம் மறுபடி முதலிலிருந்து ஓடியது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடி, கண்ணாடிக் கதவு, மே மாத வெயிலை வாசலிலேயே நிறுத்திவிட்ட ஏ.சி., சுவரெல்லாம் 'சார்லஸ் மல்டிமீடியா, அட்மிஷன் 2003' என்று நோட்டீஸ். பக்கத்து நாற்காலியில் மகள் ரீனா விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள், பிளஸ் டூ முடித்த கையோடு அனிமேஷன்தான் படிப்பேன், அதுவும் சார்லஸ் சாரிடம்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்று இழுத்து வந்துவிட்டாள், சாராம், சார், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ரிப்பன் மாற்றிக்கொண்டிருந்தவன் இன்றைக்கு சார். பெற்றோர் கையெழுத்து என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. போடுவதா? தன் புறாவைத் திருடியவன் கையில் தன் பிள்ளையையும் கொடுத்துவிட்டுப் போவதா? மனுசனுக்கு வயிறு எரிந்தது, அதை மறைத்து ஆகப்போவது என்ன.

எத்தனை வருசம் முன்னாடி... தொண்ணூற்றொன்று, ஆமாம், தோல் வியாபாரம் பார்த்த கிதர் முகம்மது சிங்கப்பூரிலிருந்து மகனுக்கென்று வாங்கிவந்த சாமான் அது, பையன் இரண்டு நாள் கார் விளையாட்டு விளையாடிவிட்டு ஓரமாகப் போட்டுவிட்டான், 'ராயப்பா, ஒனக்கு வீடியோ தொழிலுக்கு ஆகுமான்னு பாரு, இல்லாட்டி எடைக்குப் போட்ருவேன்' என்று கிதர் பாய் மேட்டுப்பட்டி வீட்டு ஸ்டூடியோவுக்கே கொண்டுவந்து இறக்கினார். அமிகா. பேரைப் பார், பெண் பிள்ளைக்கு வைக்கலாம்போல. பார்வைக்குத் தடிமனான ஒரு கீபோர்டு, அவ்வளவுதான், மொத்தக் கம்ப்யூட்டரும் அதற்குள்ளேயே அடக்கம், டி.வி.யில் மாட்டிச் சுவிட்சைப் போட்டால் வெள்ளைத் திரையில் ஒரு கை தோன்றி பிளாப்பியை நீட்டிக்கொண்டு நிற்கும், போடுய்யா என்று கேட்பதுபோல. போட்டால்... அடேயப்பா, நாலாயிரத்துச் சொச்சம் வண்ணம், நாலு குரலில் பாட்டு, ஒரு பக்கம் பாட்டு ஓட மறுபக்கம் படம் வரையலாம், கூடவே ஒரு சின்னப் பெட்டியை மாட்டினால் கேமராவில் எடுத்த படத்தின்மேல் எழுத்தை உட்கார வைக்கலாம். ஊரில் அப்போது கம்ப்யூட்டர் என்றால் பேங்கில் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, தப்பாக அமுக்கினால் கீ என்று ஒரு சத்தம், அதைத்தான் எல்லாரும் வாய் பிளந்து பார்த்தார்கள். அந்தப் பொருள் பத்து வருசம் முந்திப் பிறந்துவிட்டது, அதுதான் அது செய்த பாவம், தான் செய்த பாவமும் அதுவேதானோ? தமிழ் எழுத்து அதில் கிடையாது, ஒவ்வொரு எழுத்தையும் மௌஸைப் பிடித்துப் புள்ளி புள்ளியாக வரைந்தார், 'ழ'வுக்குக் கால் வளைக்க ஒரு முழு மத்தியானம் போனது, மனைவி சகாயராணி வெஞ்சனம் ஆறிப்போச்சு ஆறிப்போச்சு என்று கத்திக்கொண்டே இருப்பாள். மெஷின் ஒரேயடியாகத் திணறினால் திரையில் சிவப்புக் கட்டம் கட்டி 'குரு மெடிடேஷன்' என்று எழுதிவிட்டு நின்றுவிடும், குருவும் தியானமும் அமெரிக்காக்காரனுக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் பயந்தேபோனார், அன்றைக்குச் சகாயராணி கண்ணாடிப் பாட்டிலில் இருந்த வேளாங்கண்ணித் தண்ணீரைத் தெளிக்க வந்துவிட்டாள், தடுத்து நிறுத்துவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அந்தப் புறாவின் தயக்கம்கூட அப்படி வந்ததுதான், அரை எம்.பி. நினைவில் எட்டுப் படம் கொள்ளவில்லை, ஏழாகக் குறைத்தார், நாலாவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் ஒன்று விட்டுப்போய்விட்டது. யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டார். ஒருத்தருக்கும் தெரியவில்லை. ரீனாவுக்கு மட்டும் தெரியும், அப்போது ஐந்தாறு வயசு, மடியில் உட்கார்ந்து, அப்பா, புறாவுக்கு விக்கல் எடுக்குதுப்பா என்றாள்.

தெரியாதபடி பார்த்துக்கொண்டதும் அவரேதான், அதை யார்மேல் போட முடியும்? மெஷினைப் பின்னறையில் வைத்துப் பூட்டினார், பூட்டுக்கா பஞ்சம் இந்த ஊரில், மேலே ஒரு பழைய வேட்டியைப் போட்டு மூடினார், ஆள் வந்தால் அயர்ன் பெட்டி இருக்கு, தொடாதீங்க என்றார். வடமதுரையிலிருந்தும் சேவுகம்பட்டியிலிருந்தும் கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து, அந்தப் பேரு பறந்து வருதே, இருதயம் ரெண்டாத் தொறக்குதே, அது எங்க போட்டீங்க என்று கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான், 'மெட்ராஸ்ல போட்டு வாங்குனது'. இன்னொரு ஸ்டூடியோக்காரன் மோப்பம் பிடித்துவிடக்கூடாதே என்ற பயம் பாதி, மேட்டுப்பட்டியில் போட்டது என்றால் எவன் மதிப்பான் என்ற கணக்கு மீதி. மெட்ராஸ் என்றதும் கல்யாண வீட்டுக்காரர்கள் முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பார்க்கவேண்டுமே. 'கேசட் வைகை எக்ஸ்பிரஸ்ல போயிருக்குங்க, நாளக்கழிச்சு வந்துரும்' என்பார், கேசட் வேலை முடிந்து பின்னறை அலமாரியில் உட்கார்ந்திருக்கும், நாலு நாள் பொறுத்துத்தான் கையில் கொடுப்பார். ஒருதடவை எதற்கும் இருக்கட்டுமென்று ஸ்டேஷன் வரைக்கும் போய் பிளாட்பாரத்தில் கேசட்டும் கையுமாக நின்றுவிட்டு வந்தார், தெரிந்த ஆள் இரண்டு பேர் பார்த்தார்கள், அதுபோதும். தொண்ணூற்றுமூன்று தை மாதம் லிடியா கல்யாணத்துக்கும் அதே பாட்டுதான், லிடியா இந்தச் சார்லஸின் அக்கா, கேசட் போட்டுப் பார்த்த மறுநாளே இவன் ஓடிவந்தான், 'அண்ணே, மெட்ராஸ்ல எந்த எடம்ணே, ஆளு யாருண்ணே?' அதெல்லாம் அந்த ஆளு யாருக்கும் காட்டமாட்டாருப்பா, எனக்காகச் செஞ்சு தாராரு, போ போ... அன்றைக்கு அவன் முகம் தொங்கிப்போனதில் என்ன ஒரு சந்தோசம், வெட்கமில்லாமல் சந்தோசம், சகாயராணியிடம்கூடச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அப்புறம்? அப்புறம் அவன் எங்கேயோ மெட்ராஸில் வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள், போகட்டும் என்றிருந்தது, அடுத்த வருசமே திரும்பி வந்தான், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குள் தடுப்புப் பலகை அடித்து ஏ.சி. போட்டு ஒரு கம்ப்யூட்டரை வைத்தான், செருப்பை வெளியே கழற்றிவிட்டு வரவேண்டும் என்று போர்டு வேறு. ஊரே செருப்பைக் கழற்றியது! பேராலய வாசலில்கூட அம்புட்டுச் செருப்பு கிடந்ததில்லை. இவரும் போனார், கழற்றினார், நின்று பார்த்தார், கறுப்புத் திரை, வண்ணம் இல்லை, குரல் இல்லை, தன் அமிகாவின் கால் தூசுக்குப் பெறாத அந்தத் தகரத்தைப் பார்த்து ஃபாதர் முதல்கொண்டு ஆகா ஆகா என்கிறார், மாலை போட்டு ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்கிறார், பேங்கை விட்டால் திண்டுக்கல்லுக்கே முதல் கம்ப்யூட்டர் தம்பி சார்லஸ் கொண்டுவந்தது என்று மைக்கில் சொல்கிறார். முதலா? முதலா? மூன்று வருசமாக என் வீட்டில் வேட்டி மூடிக் கிடப்பது என்ன, ஆட்டுக்கல்லா? சொல்லியிருக்கலாம், அங்கேயே வாயைத் திறந்திருக்கலாம், ஆனால் திறந்தால் மெட்ராஸ் என்று சொன்ன அத்தனை வீட்டுக்கும் என்ன பதில்? அந்த வருசம்தான் அமிகா கம்பெனியும் திவாலானது, நல்ல பொருளைச் செய்தவன் திவால், தகரத்தைச் செய்தவன் உலகத்தை வளைத்துவிட்டான். இரண்டு வருசம் கழித்துக் கரண்ட் ஏறி இறங்கியதில் அடாப்டர் புகைந்தது, மதுரையில் காட்டினார், திருச்சியில் காட்டினார், இது என்ன சாமான் என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். சார்லஸ் ஒன்றை மூன்றாக்கினான், மூன்றைப் பத்தாக்கினான், இப்போது மாடி. இவர் இன்னமும் சர்ச்சில் பிள்ளைகளின் புதுநன்மைச் சடங்குக்கும் பூப்பு வீட்டுக்கும் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறார், டைட்டில் போட எங்கே கொடுக்கிறார் தெரியுமா, இங்கேதான், சார்லஸிடமேதான், ஆள் விட்டுக் கொடுத்தனுப்புவார், தான் வரமாட்டார்.

'அண்ணே! நீங்களா வந்திருக்கீக, சொல்லிவிடக் கூடாதா?' கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு சார்லஸ் வந்தான், தொப்பை வைத்துவிட்டது, காதோரம் நரை, கையைப் பிடித்துக்கொண்டான், பிடித்த கை உண்மையாகவே சந்தோசப்பட்டது, அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. ரீனா எழுந்து நின்று குட்மார்னிங் சார் என்றாள். கேட்டுவிட வேண்டும், பிள்ளை முன்னாலேயே கேட்டுவிட வேண்டும், 'ஏன் தம்பி, அந்தப் புறா...' என்று ஆரம்பித்தார். சார்லஸ் டி.வி.யைத் திரும்பிப் பார்த்து வெட்கப்படுகிறவனைப்போல் சிரித்தான். 'கண்டுபிடிச்சுட்டீகளாண்ணே! லிடியாக்கா கல்யாண கேசட்டுதான், பாத்துப் பாத்துத்தான் போட்டேன், எழுபது எம்பது வாட்டி நிறுத்தி நிறுத்திப் பாத்திருப்பேன், டேப்பே தேஞ்சுபோச்சு. நீங்க ஆளச் சொல்ல மாட்டேன்னுட்டீக, சரின்னு அந்த வாரமே மெட்ராஸுக்கு ரயிலேறிட்டேன். கோடம்பாக்கம், வடபழனி, ரிச்சி தெருன்னு ஒரு ஸ்டூடியோ விடல, மூணு மாசம்ணே, கேசட்ட நெஞ்சோட வச்சுக்கிட்டு, இதப் போட்டது நீங்களா நீங்களான்னு. ஒருத்தன் சொன்னான், ஏய்யா அலையுற, கம்ப்யூட்டர் படிச்சு நீயே போடுன்னு. அங்கேயே சேந்துட்டேன். அந்த மெட்ராஸ்காரர் இல்லாட்டி நான் இன்னிக்கும் ரிப்பன்தான்ணே மாத்திக்கிட்டிருப்பேன்.'

மெட்ராஸ் என்று ராயப்பராஜ் வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டதில் ஒருத்தன் ரயிலேறி, ஊர் ஊராய் அலைந்து, படித்து, மாடி கட்டி... அப்படியானால் இந்த மாடி, இந்த ஏ.சி., கழற்றிப் போட்ட அத்தனை செருப்பும்... சார்லஸ் நிறுத்தவில்லை, ரீனா பக்கம் திரும்பிப் பாடமே எடுக்க ஆரம்பித்துவிட்டான், 'நாலாவது அடியில செத்த நேரம் நிக்குது பாரும்மா, அங்கதான் உசிரே இருக்கு. எல்லாரும் பறக்க விடுவாங்க, அந்தாளு தயங்க விட்ருக்காரு, எறங்கலாமா வேணாமான்னு அது யோசிக்குது. வேணும்னே பண்ணது. அது மேதைக்குத்தான் வரும். இங்க மொதப் பாடமே அந்தப் புறாதான்.' ரீனா தலையை ஆட்டவில்லை, அப்பா முகத்தையே பார்த்தாள். பத்து வருசமாக இவர் சார்லஸைப் பார்த்து வெந்துகொண்டிருக்க, சார்லஸ் பத்து வருசமாக யாரோ ஒருவனைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறான், மேதையாம், அந்த மெட்ராஸ்காரனை, ஊரும் பேரும் இல்லாத அந்தப் பயலை. 'இப்பயாச்சும் சொல்லுங்கண்ணே, அவரு எங்க இருக்காரு? ஒரு தடவ பாத்துட்டா போதும்.'

'செத்துப் போயிட்டாரு' என்றார் ராயப்பராஜ்.

எங்கிருந்து வந்தது அந்தச் சொல், யார் சொல்லச் சொன்னது, திருப்பி விழுங்கவும் முடியாது. சார்லஸ் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான், 'அடக் கடவுளே' என்றான், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பேண்ட் துணியிலேயே துடைத்தான், துடைக்கத் துடைக்கக் கண் நிறைந்தது, நடிப்பில்லை, சொந்தத்தில் ஒருவர் போனால் வருமே அதுதான். 'எப்பண்ணே? குடும்பம் இருக்கா? ஒரு போட்டோ கெடைச்சாக்கூட இங்கயே பெருசா மாட்டி வச்சிருவேன், வருசா வருசம் ஒரு பூசைக்குச் சொல்லுவேன். பேரு என்னண்ணே?' ஒருத்தன் இப்படி அழுதால்... தனக்காக எவன் இப்படி அழுவான்? சகாயராணி அழுவாள், ரீனா அழுவாள், கடைவீதியில் இரண்டு பேர் அடடா என்பார்கள், அதோடு சரி. அந்த மெட்ராஸ்காரனைக் கொன்றுவிட்டால் ஒழிந்தான் என்றல்லவா நினைத்தார், இப்போது பார், முன்னைவிட உயரமாகப் போய் நிற்கிறான். சார்லஸ்மேல் வந்த எரிச்சலெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது, இது வேறு, இது எலும்புக்குள் இறங்கி எரிகிறது. ரீனா பேனாவை மூடிவிட்டு அவர் முழங்கையைத் தொட்டாள், 'சார் கேக்குறாருல்லப்பா, பேரைச் சொல்லுங்க' என்றாள், மெதுவாக, கோபமே இல்லாமல். சொல்லலாம், ஆறே எழுத்து, ஒரே ஒரு பேர், தன் பேர்தான், சொன்ன நிமிசத்தில் அந்த மெட்ராஸ்காரன் இல்லாமல் போய்விடுவான், அது நிச்சயம்... அந்த இடத்துக்கு, இந்தக் கண்ணீருக்கு, தான் வந்து சேருவோமா என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.