மாப்பிள்ளை வாங்கிய மார்க்

என் தங்கச்சி புருஷனுக்குப் பூனை என்றால் சின்ன சைஸ் நாய், அவ்வளவுதான் தெரியும். ஆனால் அவருடைய கிளினிக் சுவரில் பூனை வைத்தியத்துக்கு மட்டும் வரிசையாகச் சான்றிதழ்கள் தொங்கும். எல்லாவற்றிலும் அவர் பெயர். உட்கார்ந்து படித்து எழுதியது என் தங்கச்சி. அவளும் கால்நடை டாக்டர்தான். அவரோடு ஒரே வகுப்பில் படித்து, அவரைவிட நல்ல மார்க் எடுத்துப் பாஸானவள்.

நான் அந்தக் கிளினிக்கில் முன்மேஜையில் உட்காருகிறவள். டோக்கன் கொடுப்பேன், எடை போடுவேன், நாயும் பூனையும் ஒன்றையொன்று பிறாண்டிக்கொள்ளாமல் பிரித்து உட்காரவைப்பேன். படிப்பு எனக்கு ஏறவில்லை. ஆனால் கண் நன்றாகத் தெரியும், காது நன்றாகக் கேட்கும்.

இந்த டாக்டர்களுக்கு ஒருமுறை படித்தால் தீராதாம். லைசன்ஸைப் புதுப்பிக்க வேண்டுமானால் புதுப்புதுப் பாடமாகப் படித்து, பரீட்சை எழுதி, புள்ளி சேர்த்துக் காட்டவேண்டும். எல்லாம் கம்ப்யூட்டரில்தான். வீடியோ ஓட ஆரம்பித்ததும் மாப்பிள்ளைக்குக் கொட்டாவி வந்துவிடும். "நீயே முடிச்சிடும்மா. போர்டுல இருக்கிறது என் பேரு. என் லைசன்ஸ் போனா கிளினிக்கே போச்சு" என்பார். தங்கச்சி மத்தியான இடைவேளையில் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவர் பெயரில் உள்ளே போய், அவருக்காகப் பரீட்சை எழுதுவாள். அதையே தன் பெயரில் இன்னொரு தரம் எழுத நேரம் இருக்காது. "யார் பேர்ல படிச்சா என்னக்கா? மண்டைல ஏறினது ஏறினதுதானே" என்பாள். இப்படி ஒரு கெட்டிக்கார மக்கை நான் எங்கும் பார்த்ததில்லை.

கடைசியில் அவளுடைய லைசன்ஸ் காலாவதியாகிப் போனது. "வீட்டுக்கு ஒரு டாக்டர் போதாதா?" என்று மாப்பிள்ளை சிரித்தார். அவள் வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு உதவியாளர் போடும் பச்சைச் சட்டைக்கு மாறினாள். நாயின் வாயைக் கட்டிப் பிடித்தாள், மேஜை துடைத்தாள். வருகிறவர்கள் அவளை "சிஸ்டர்" என்று கூப்பிட்டார்கள். கத்து கத்தென்று கத்தி, லைசன்ஸ் கொடுக்கிற கவுன்சிலுக்கு மனுப் போடவைத்தேன். அவர்கள் ஒரு சலுகை கொடுத்தார்கள். விட்டுப்போன பாடங்களை வருஷ முடிவுக்குள் முடித்தால் லைசன்ஸ் திரும்பக் கிடைக்கும். அதுவரை எந்தப் பிராணிக்கும் அவள் வைத்தியம் பார்க்கக் கூடாது. பார்த்தால் பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கிவிடுவார்கள். வெறி பிடித்தவள்போல் படித்தாள். ஒரே ஒரு பாடம்தான் பாக்கி இருந்தது. கோட்டைத் துவைத்து இஸ்திரி போட்டுத் தயாராக மாட்டிவைத்திருந்தாள்.

அப்போதுதான் பஸ் டிரைவர் தன் கிழட்டுப் பூனையோடு வந்தார். மனுஷன் தனிக்கட்டை. பூனைக்கு முதலாளி என்று பேர் வைத்திருந்தார். "நான் நாயா உழைக்கிறேன், அது உக்காந்து சாப்பிடுது. வேற என்னன்னு கூப்பிடுறது?" என்பார். அன்றைக்கு அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பூனை கூடைக்குள் கழுத்தை நீட்டி, முழங்கையை விரித்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

தங்கச்சி எட்டிப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. கூடையை ஆட்டாமல் உள்ளே கொண்டுபோய், பூனையைக் கண்ணாடிப் பெட்டியில் விட்டு ஆக்ஸிஜனைத் திறந்தாள். நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருக்கும் என்றாள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் பூனையின் மூச்சு சற்றே நிதானப்பட்டது.

அதற்குள் மாப்பிள்ளை கையுறையை இழுத்துக்கொண்டே வந்தார். "வெளிய எடு. எக்ஸ்ரே எடுக்கணும்."

"இப்ப வேணாங்க. மூச்சு முட்டுற பூனையை மல்லாத்தினா அங்கயே போயிடும். டாக்டர் நீங்க, ஊசி போட்டு நீரை நீங்களே எடுங்க. நான் சொல்லித் தர்றேன். எக்ஸ்ரே அப்புறம் பாத்துக்கலாம்."

சொல்லித் தர்றேன் என்றாளே, அங்கேதான் அவருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "யாருக்குடி சொல்லித் தர்ற? லைசன்ஸ் இருக்கா உனக்கு? வந்து கால புடி."

"புடிக்க மாட்டேன்."

அவரே பெட்டியைத் திறந்தார். பூனையைத் தூக்கி எக்ஸ்ரே மேஜையில் மல்லாத்தி, முன்காலை ஒரு கையாலும் பின்காலை ஒரு கையாலும் இழுத்துப் பிடித்தார். அது ஒரே ஒரு தரம் கத்தியது. நாக்கு நீலம் பாரித்தது. உடம்பு துணிபோலத் துவண்டுவிட்டது. மாப்பிள்ளை கையை எடுத்துவிட்டு மெஷினைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பாவி, பூனையை மட்டும் பார்க்கவில்லை.

தங்கச்சி அவரை இடித்துத் தள்ளிவிட்டுப் பாய்ந்தாள். தொண்டையில் குழாயை இறக்கினாள், விலாவில் ஊசியைக் குத்தி நீரை இழுத்தாள், நெஞ்சை அமுக்கினாள். சலுகையும் சட்டமும் அந்த நேரத்தில் அவளுக்கு நினைவிருந்ததா என்று தெரியாது. நினைவிருந்தாலும் குத்தியிருப்பாள், அவளை எனக்குத் தெரியும். சிரிஞ்சில் நீர் வந்துகொண்டே இருந்தது. முதலாளிக்கு உயிர் வரவில்லை.

அவள் இன்னும் அமுக்கிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை வெளியே போய் டிரைவரின் தோளில் கையைப் போட்டார். "என்னை மன்னிச்சிடுங்க. நான் மெஷினை ரெடி பண்றதுக்குள்ள அசிஸ்டென்ட் அவசரப்பட்டு ஊசியக் குத்திட்டாங்க." கூசாமல் சொன்னார். "அடப்பாவி!" என்று நான் அலறினேன். "உங்களுக்கு என்ன தெரியும், போய் உக்காருங்க" என்றார்.

டிரைவர் கவுன்சிலில் புகார் கொடுத்தார். பூனையின் உடலை வேறொரு டாக்டர் அறுத்துப் பார்த்தார். விலாவில் ஊசித் துளை இருந்தது. மல்லாத்திப் பிடித்த கைக்குத் தடயம் எதுவும் இருக்கவில்லை.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தங்கச்சி நடந்ததை நடந்தபடி சொன்னாள். நடுவில் இருந்தவர் காகிதத்தைப் புரட்டிவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்துத் தலையாட்டினார். "மூச்சுத்திணறல் பூனைப் பாடத்துல டாக்டர் நூத்துக்கு நூறு எடுத்திருக்கார். இவ்வளவு தெரிஞ்சவர் பூனையை மல்லாத்தியிருப்பாரா?" பிறகு தங்கச்சி பக்கம் திரும்பினார். "உங்க பேர்ல இந்தப் பாடமே இல்லையேம்மா."

"அந்த நூறும் நான் எழுதினது சார்."

"ஆள்மாறாட்டம் பண்ணினேன்னு சொல்றீங்களா? அது தனிக் குற்றம். எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோங்க. ஆனா அவரை ஒரே ஒரு கேள்வி கேளுங்க. இப்படி ஒரு பூனை வந்தா முதல்ல என்ன செய்யணும்?"

மாப்பிள்ளைக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது. "முதல்ல... கேஸைப் பொறுத்து..." என்று இழுத்தார். ஓரத்தில் இருந்தவர் அவருக்கு வேண்டியவராம். "ஆக்ஸிஜன்தானே டாக்டர்?" என்று எடுத்துக் கொடுத்தார். "ஆமா, ஆக்ஸிஜன். அதைத்தான் சொல்ல வந்தேன்." மூன்று பேரும் திருப்தியாக எழுதிக்கொண்டார்கள். நான் எழுந்து, கண்ணால் பார்த்தவள் நான் என்றேன். யார் நீங்கள் என்று கேட்டார்கள். கூடப்பிறந்த அக்கா என்றதும் பேனாவை மூடிவிட்டார்கள்.

தங்கச்சியின் பெயரை நீக்கினார்கள். இனி எந்தப் பாடம் படித்தாலும் அவள் டாக்டர் இல்லை. மாப்பிள்ளைக்கு, உதவியாளரைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான்.

வெளியே படிக்கட்டில் டிரைவர் அவளை மறித்தார். "குத்தினப்போ அதுக்கு வலிச்சுதா?"

"இல்லைங்க. அப்பவே உயிர் போயிடுச்சு."

"செத்ததையா குத்தின?"

"திரும்பி வந்துடுமான்னு..."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீ மனுஷிதானா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

இதற்கு மேல் ஒன்று நடக்காது என்று நினைத்தேன். நடந்தது. நூற்றுக்கு நூறு எடுத்தவர் என்று கவுன்சில் மாப்பிள்ளையைக் கூப்பிட்டது. புதிதாக வந்த டாக்டர்களுக்கு அதே விஷயத்தில் அவர் வகுப்பெடுக்கவேண்டும். வீட்டுக்கு வந்து, "கொஞ்சம் எழுதிக் குடும்மா, படமெல்லாம் போட்டு" என்றார். அவள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மூடியைப் படாரென்று சாத்தினேன்.

"சூடு சொரணை இல்லையாடி உனக்கு? மேடையில நின்னு முழிக்கட்டும், விடு!"

"முழிக்க மாட்டாருக்கா. வாய்க்கு வந்ததைச் சொல்லுவாரு. கேக்குறவங்க சின்னப் பசங்க, அதையே போய்ச் செய்வாங்க. இன்னும் எத்தனை பூனை சாகணும்?"

மூடியிலிருந்து கையை எடுத்தேன். அவள் திறந்து எழுதினாள்.

வகுப்புக்கு என்னையும் கூட்டிப்போனாள். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டரில் படம் மாற்றத் தெரியாது, அதனால் அவள் மேடை ஓரத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் அவள் எழுதியதை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். தொடாதே, மல்லாத்தாதே, முதலில் மூச்சு, பிறகு ஊசி. இளம் டாக்டர்கள் விழுந்து விழுந்து குறிப்பெடுத்தார்கள். நடுவில் மாப்பிள்ளை காகிதத்தைக் கீழே இறக்கினார்.

"இது எழுதிவச்சதுல இல்ல, மனசுல இருந்து சொல்றேன். விஷயம் தெரியாத கை பட்டா என்ன ஆகும்னு என் வீட்லயே பாத்தவன் நான்."

மண்டபம் முழுக்கத் திரும்பி ஸ்டூலைப் பார்த்தது. பிறகு கைதட்டினார்கள். நான் எழுந்து கத்தப் போனேன். தங்கச்சி என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கைதட்டல் ஓயும்வரை காத்திருந்து, அடுத்த படத்துக்குப் பட்டனை அழுத்தினாள்.