தண்ணீருக்குச் சளி பிடித்த ஆண்டு

ராஜகீழ்ப்பாக்கம் அமிர்தவர்ஷினி அடுக்ககத்தில் தண்ணீர் இருமத் தொடங்கியது ஓர் ஆடி மாதச் செவ்வாய்க்கிழமை. அன்று தக்காளி கிலோ நாற்பது ரூபாய், முருங்கைக்காய் ஒன்று எட்டு. முதலில் இரண்டாம் மாடிக் குழாய் லேசாகத் தொண்டையைக் கனைத்தது. மத்தியானத்துக்குள் குடம், பக்கெட், தம்ளர் என்று எதில் பிடித்து வைத்தாலும் தண்ணீர் லொக்கு லொக்கென்று இருமியது. சாயங்காலம் வந்த பிளம்பர் குழாய்களை எல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு, வந்ததற்குக் கூலி வாங்கிக்கொண்டு போனார். வாட்ச்மேன் கோதண்டம் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "மோட்டாருல ஒண்ணும் இல்ல சார். தண்ணிக்குத்தான் சளி புட்ச்சிகினு கீது" என்றார்.

அடுக்ககச் சங்கச் செயலாளர் சௌகத் அலி பம்ப் ரூம் கதவை இழுத்துப் பூட்டினார். இருமலுக்குக் காரணம் அவருக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. தாம்பரம் மார்க்கெட் பக்கம் அத்தர் கடை வைத்திருப்பவர். மல்லிகை அத்தரில் ஒரு சொட்டு கலப்படம் இருந்தாலும் மூடியைத் திறக்காமலே கண்டுபிடித்துவிடும் மூக்கு. ஊரே மெச்சிய அந்த மூக்குக்குப் பிளீச்சிங் பவுடர் வாடை ஆகாது. அதனால், லாரித் தண்ணீர் இறங்கும் தரையடித் தொட்டியான சம்ப்பில் போடுவதற்காகச் சங்கம் வாங்கிய பவுடர் மூட்டை, அவர் செயலாளரான நாளிலிருந்து பம்ப் ரூமில் பிரிக்கப்படாமலே கிடந்தது. சம்ப்பும் அவர் காலத்தில் கழுவப்படவில்லை. யாராவது கேட்டால், "போட்டாச்சு சார், வாடை வராத பவுடர்" என்பார். மூன்றாம் மாடி நிகிலுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, பழியைத் தள்ளுவண்டிப் பரோட்டாவின் மேல் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியவரும் இவர்தான். நல்ல மனிதர், என்ன செய்ய, மூக்குக்கு அடிமை.

இருமலுக்கு அடுக்ககமே கூடி வைத்தியம் பார்த்தது. கீழ்வீட்டு துர்கா தலைமையில் தூதுவளை, கற்பூரவள்ளி, மிளகு, பனங்கற்கண்டு எல்லாம் போட்டு ஓர் அண்டா கஷாயம் காய்ச்சி மொட்டை மாடித் தொட்டியில் ஊற்றினார்கள். தொட்டிக்கு நெஞ்சு எந்தப் பக்கம் என்று தெரியாததால் சுற்றிலும் தைலம் தடவினார்கள். சௌகத் அலி தம் பங்குக்குப் பன்னீர் விட்டார். கற்கண்டைத் தின்று பாசி இன்னும் கொழுத்தது. தண்ணீர் மணக்க மணக்க இருமியது. ஆவணிக்குள் சனத்துக்குப் பழகியும் போனது. குடிக்கத்தான் கேன் இருக்கிறதே என்றார்கள். அந்தக் கேன் தண்ணீரை ஊற்றும் தம்ளரையும் சட்னிக்கு அரைக்கும் கொத்தமல்லியையும் இருமுகிற தண்ணீரில்தான் கழுவினார்கள்.

சௌகத் அலியால்தான் அப்படி விட முடியவில்லை. மகள் கைனாத்துக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அதற்கு முன் வீட்டைப் பார்த்துவிட்டுப் போகச் சேலையூரிலிருந்து கைனாத்தின் மாமியார் அக்தர் பேகம் வந்தார். சௌகத் அலி குழாய்களுக்கெல்லாம் துணி கட்டி, டிவியை அலறவிட்டிருந்தார். பிரியாணி வரைக்கும் எல்லாம் நல்லபடியாகப் போனது. சாயங்கால அஸர் தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவி ஒளு செய்ய, அக்தர் பேகம் துணியை அவிழ்த்து உள்ளங்கையில் தண்ணீர் பிடித்தார். அது அவர் முகத்தைப் பார்த்தே இருமியது. நன்றாகச் சளி கட்டிய இருமல்.

அவர் கையை உதறிக்கொண்டு கீழே இறங்கிப் போய், கோதண்டத்திடம் சம்ப் மூடியைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். உள்ளே ஒற்றைச் செருப்பு மிதந்தது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. வாயும் வயிறுமா இருக்கிறவளுக்கு மஞ்சக்காமாலை வந்தா ரெண்டு உசுருக்கும் ஆபத்துன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்க. கைனாத் எங்க வீட்லயே இருக்கட்டும்" என்று பின்னாலேயே ஓடி வந்த சௌகத் அலியிடம் சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினார்.

மனைவி ஷர்மிளா, தொட்டில் கட்ட எடுத்து வைத்திருந்த பழைய சேலையை அவர் மடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். சௌகத் அலிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பாழாய்ப்போன மூக்கு, பாழாய்ப்போன மூக்கு என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் சம்ப்பை வற்ற இறைத்து, திறந்து காற்றாட விட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே இறங்கினார். மேலே கோதண்டம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாசியைத் தேய்த்தார், சேற்றை வாரினார், மாடித் தொட்டியையும் விடவில்லை. பழைய மூட்டையின் வீரியம் போயிருந்தது. புதிதாக வாங்கி வாளியில் கரைத்து, தெளியவைத்து, புது லாரித் தண்ணீரில் ஊற்றினார். வாடை மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் கொட்ட, அவருக்கு இருமல் வந்தது. அந்த நிமிடமே தண்ணீர் இருமலை நிறுத்தியது. சளி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது வழக்கம்தான் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காபியில் வாடை அடிக்கிறது என்று துர்கா சண்டைக்கு வந்ததோடு சரி.

தண்ணீரின் இருமல் நின்ற சேதி கேட்டு அக்தர் பேகம் அனுப்பி வைக்க, கைனாத் வந்தாள். கார்த்திகை மழையில் பெண் பிறந்தது. வீட்டில் முதல் குளியலுக்கு எடுத்து வைத்த வெந்நீர் வாளியில் அக்தர் பேகம் காதை வைத்துக் கேட்டார். ஒரு சத்தமும் இல்லை. கதவுக்கு வெளியே நின்ற சௌகத் அலிதான் லொக்கு லொக்கென்று இருமினார்.

"நீங்க இருமுங்கண்ணே" என்றார் அக்தர் பேகம், பேத்தியின் மேல் தண்ணீரை வார்த்தபடி. "தண்ணி இருமக் கூடாது."

இன்றும் இருமிக்கொண்டுதான் இருக்கிறார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்கிறார் டாக்டர். அத்தர் வியாபாரமும் குறையவில்லை. லாரி வந்த நாளில் பவுடர் போட மறந்தால் மட்டும் அவருக்கு இருமல் நின்றுவிடும். "என்னங்க, சத்தத்தக் காணோம்?" என்று ஷர்மிளா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார். அவர் வாளியை எடுத்துக்கொண்டு படி இறங்குவார்.