ஏழு வயது வரைக்கும்

மூக்குத்தியைக் கழற்றச் சோப்பு நுரை போதும் என்றார் நஞ்சப்பன். அவருடைய மூத்த மகன் மாதப்பன் குறடு எடுத்துவந்தான். கிணற்று மோட்டாருக்காக வாங்கிய குறடு. அந்த வீட்டில் எந்த வேலையிலும் அது தோற்றதில்லை.

"அண்ணா, நானே கழட்டிக்கறேண்ணா. கைய எடுண்ணா."

"நீ கழட்டுவ. நாளைக்கு மறுபடி மாட்டிக்குவ."

நியாயமான சந்தேகம்தான். பத்தொன்பது வயது ராஜாமணி அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து அதை எடுத்து மாட்டிக்கொண்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. மறுநாள் நல்லம்பள்ளியில் பெண் பார்க்கப் போக வேண்டும். மாப்பிள்ளை மூக்குத்தியோடு போய் இறங்கினால், யார் யாரைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று பெண் வீட்டார் குழம்பிவிடுவார்கள்.

குறடு ஒரு திருகு திருகியது. மூக்குத்தி வளைந்து வந்தது, கூடவே ரத்தமும். அம்மா சாலம்மாள் ஓடிவந்து முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். மாதப்பன் குறடைத் துடைத்து மாடத்தில் வைத்தான். சாமான்களைச் சுத்தமாக வைத்துக்கொள்வதில் அவன் கெட்டிக்காரன்.

அந்த மூக்கைக் குத்தியதும் அதே வீடுதான். மாதப்பனுக்குப் பிறகு சாலம்மாள் மூன்று ஆண் குழந்தைகளைப் பெற்றாள். மூன்றும் பல் முளைக்கும் முன்பே போய்விட்டன. பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் இதற்கு ஒரு வழி உண்டு. அடுத்த ஆண் குழந்தைக்குப் பதினாறாம் நாள் மூக்குக் குத்தி, பாவாடை கட்டி, சடை போட்டு, பெண் என்று சொல்லி வளர்ப்பார்கள். வாரிசைத் தேடி வருகிற எமன் பெண் குழந்தையைப் பார்த்துவிட்டு, இதைத் தூக்கிப்போக வந்த செலவுகூடக் கட்டாது என்று திரும்பிவிடுவான். எமனுக்கும் ஊர் நிலவரம் தெரியும்.

ஆண், பெண் இரண்டுக்கும் பொதுவாக ராஜாமணி என்று பெயர் வைத்தார்கள். ஏழு வயதில் மாரியம்மன் கோவிலில் மொட்டையடித்து, மூக்குத்தியைச் சோப்பு நுரை போட்டுக் கழற்றி, டவுசர் மாட்டிப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். எமன் ஏமாந்தான். ராஜாமணி ஏமாறவில்லை. துளை தூர்ந்துபோகாமல் இருக்க, பன்னிரண்டு வருஷம் தினமும் படுக்கும்போது வேப்பங்குச்சியைச் சீவிச் செருகிக்கொண்டாள்; விடிந்ததும் எடுத்துவிட்டு, முதலில் டவுசரும் பிறகு வேட்டியுமாக வெளியே போய்வந்தாள். அவள் என்றே சொல்வோம். தன்னை அவள் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஊர் இதைப் படிக்கப் போவதில்லை.

பத்து மணிக்கு ஊர்க்கவுண்டர் வந்தார். ஊருக்கெல்லாம் ஊசி போடும் கம்பவுண்டரும் வந்தார். வாசலில் கட்டில் போட்டார்கள். ராஜாமணிக்கு இது எதனால் வந்தது என்பது விசாரணை.

"வேற எதனால? பாவாட கட்டிப் பழக்குனதால வந்த வெனை," என்றார் ஊர்க்கவுண்டர். "வளத்தவ பண்ணுன தப்பு."

பத்தொன்பது வருஷத்துக்கு முன் அந்த யோசனையைச் சொன்னவர் அவர்தான். யாரும் ஞாபகப்படுத்தவில்லை. யோசனை ஆண்களுக்கு, விளைவு பெண்களுக்கு என்பது அங்கே எழுதி வைக்காத பாகப்பிரிவினை.

"அதெல்லாம் இல்லீங்க," என்றார் கம்பவுண்டர். "ஒடம்புல கொறை. ரத்தத்துல ஆம்பளைச் சத்து ஏறல. பத்து ஊசி போட்டா மீசை திமிறிக்கிட்டு வந்துரும்."

"ஒடம்புமில்ல, ஒண்ணுமில்ல. கொழுப்பு!" என்றான் மாதப்பன். "வேலை செய்ய ஒடம்பு வளையல. பொம்பளைன்னா வூட்டுல குந்திக்கலாம்னு நெனப்பு."

"நேத்து மேக்காட்ட உழுதது ஆருண்ணா?" என்று ராஜாமணி மூக்கைப் பொத்தியபடி கேட்டாள்.

ஊர்க்கவுண்டர் கையமர்த்தினார். "நீயே சொல்லுடா. எதனால?"

"பாவாட கட்டுனதால வந்திருந்தா, அவுத்தப்பவே போயிருக்கணுமில்லீங்களா? ஏழு வருசந்தான் பாவாட. பன்னெண்டு வருசமா டவுசரும் வேட்டியும் போட்டுவுட்டீங்க. அது ஏங்க வேலை செய்யல?"

ராஜாமணி ஊர்க்கவுண்டர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஆம்பளைன்னு உங்களுக்கு எப்பங்க தெரிஞ்சுது? ஆரு சொல்லிக் குடுத்தாங்க?"

ஊர்க்கவுண்டரின் கை மீசைக்குப் போனது. மீசை இருந்தது, பதில் அங்கே இல்லை. அதற்குள் மாதப்பன் அறைந்துவிட்டதால் சபையின் கௌரவம் காப்பாற்றப்பட்டது.

காரணம் முடிவாகவில்லை என்பதால் மூன்றுக்குமே வைத்தியம் சொன்னார்கள். வளர்த்த தப்புக்குச் சாலம்மாள் சபையில் விழுந்து கும்பிட வேண்டும். உடம்புக்கு ஊசி. கொழுப்புக்குத் தடி, அதற்கு மாதப்பன் பொறுப்பேற்றுக்கொண்டான். அப்படியும் திருந்தாவிட்டால் இந்த வீட்டில் இடமில்லை, அந்தப் பெயரைக்கூட யாரும் எடுக்கக் கூடாது.

சாலம்மாள் விழுந்து கும்பிட்டாள். எழுந்திருக்கும்போது அவளுக்குக் கைகொடுத்தது ராஜாமணி மட்டும்தான்.

"எல்லாம் நல்லதுக்குத்தான் சொல்றாங்க," என்றார் நஞ்சப்பன். வாயில்லாத மனிதர், அதனால் ஊரில் நல்லவர் என்று பெயர்.

நல்லம்பள்ளிக்குப் பத்து நாள் கழித்து வருவதாக ஆள் அனுப்பினார்கள். நான்கு ஊசியில் இடுப்பு புண்ணாகி வீங்கியது. மீசை வரவில்லை, காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் விடிந்ததும் ராஜாமணி ஒரு மஞ்சள் பையோடு நொண்டியபடி பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். தண்ணீருக்குப் போவதுபோல் குடத்தை எடுத்துக்கொண்டு சாலம்மாள் பின்னாலேயே போனாள்.

"எங்க கண்ணு போவ?"

"ஓசூர்ல என்னாட்டம் ஆளுங்க இருக்காங்களாம்மா."

"சோத்துக்கு?"

"கடை கடையா கேட்டுத்தான் சாப்புடணுமாம்."

"மேக்காட்ட ஒத்தையில உழுவற கை, கேட்டுச் சாப்புடணுமா?"

ராஜாமணி பஸ் வரும் திசையைப் பார்த்தாள். சாலம்மாள் மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே புதிதாகச் சீவிய வேப்பங்குச்சிகள்.

"புண்ணு ஆறுனா துளை தூந்துரும். செருகிக்க."

"உனக்குத் தெரியுமாம்மா?"

"பன்னெண்டு வருசமா பாயி பக்கத்துல கெடக்கற சீவல ஆரு கூட்டுனாங்கன்னு நெனச்ச?"

பஸ் வந்தது.

அதன் பிறகு ராஜாமணியிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. பார்த்ததாகச் சொன்னவரும் இல்லை. பெயரை எடுக்கக் கூடாது என்ற தீர்ப்பை ஊர் ஒழுங்காகக் கடைப்பிடித்தது. தெருக்குழாய்ச் சண்டையில்கூட மறந்தும் யாரும் சொல்லவில்லை.

மாதப்பனுக்கும் அவன் மனைவி ரோசம்மாளுக்கும் அடுத்தடுத்து இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. இரண்டும் மூன்று மாதம் தாண்டவில்லை. எண்பத்தெட்டில் மூன்றாவதும் ஆணாகப் பிறந்தபோது, மாதப்பன் ஊர்க்கவுண்டர் வீட்டு வாசலில் போய் நின்றான். தடி பிடித்த கை கும்பிட்டபடி இருந்தது.

"வழி இருக்குதில்லடா?" என்றார் ஊர்க்கவுண்டர். "மூக்குக் குத்து. பாவாட கட்டு. உங்க வூட்டுலயே ராஜாமணிக்குப் பலிச்சுதே!"

நான்கு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அந்த ஊரில் முதல் தடவையாகச் சொல்லப்பட்டது.

பலித்த மூக்குத்தியே வேண்டுமென்றார்கள். சாலம்மாளின் டிரங்குப் பெட்டியில் துணியில் சுற்றி இருந்தது. துணியில் ரத்தம் கறுத்திருந்தது. தட்டான் வளைவை நிமிர்த்தி, பதினாறாம் நாள் குழந்தையின் மூக்கில் ஏற்றினார். குழந்தை வீறிட்டது. ரோசம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏழு வயசு வரைக்குந்தானே," என்றார் நஞ்சப்பன் மருமகளிடம். "அப்பறம் கழட்டிக்கலாம். சோப்பு நுரை போதும்."

சாலம்மாள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் அந்தக் குறடு இருந்தது. மாதப்பன் தவறாமல் எண்ணெய் போட்டு வந்ததால் துருவே இல்லை. அதைத் தொட்டிலுக்குப் பக்கத்தில், பாவாடையும் வளையலும் இருந்த தாம்பாளத்தில் வைத்தாள்.

"இதையும் பத்தரமா வெச்சுக்கடா மாதப்பா," என்றாள். "புள்ள பொழைச்சா வேணுமில்ல."

மாதப்பன் குறடைப் பார்த்தான். எடுக்கக் கை நீளவில்லை. மூக்கு உறுத்தியதோ என்னவோ, குழந்தை தும்மியது.

"நூறு வயசு," என்றார் ஊர்க்கவுண்டர், பழக்கத்தில்.