பெருசை எப்ப எடுக்கறீங்க?

திரையில் ஒரு பல்லி நாக்கை நீட்டியது. அண்ணன் அதன் வாய்க்குள் தலையை விட்டுவிடுவான் போல நின்றுகொண்டிருந்தான். அவன் மூக்குக்கும் திரைக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் அதிகம். புள்ளி தேடுகிறானாம்.

"இதுல பாரு, கட்டம் கட்டமாத் தெரியுது," என்று சின்ன டி.வி.யைக் காட்டினான். பக்கத்திலிருந்த பெரியதற்குத் தாவினான். "இதுல ஒண்ணும் தெரியல."

"சின்னது ஃபுல் எச்டி சார். பெருசு ஃபோர் கே. அதைவிட நாலு மடங்கு புள்ளி," என்றான் டை கட்டிய விற்பனையாள். "அவ்வளவு பொடிசா இருக்கறதாலதான் கண்ணுல படல."

பல்லியின் நாக்கில் ஒட்டிய ஈ காலை உதறியது. ஈயின் காலில் மயிர். மயிரின் நுனியில் ஈரம். பின்னால் நின்ற தங்கைக்கு வயிற்றைப் புரட்டியது.

இத்தனைக்கும் அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். சீழும் ரத்தமும் காய்ந்து அட்டையாக விறைத்துப்போன விரிப்புகளைக் கையால் பிரித்துப் போடுகிறவள். அப்பாவின் முதுகுப் புண்ணைக் காலையில்தான் துடைத்து மருந்து வைத்துவிட்டு வந்திருந்தாள். அங்கேயெல்லாம் குமட்டியதில்லை. குளுகுளுவென்று, வாசனை தெளித்து வைத்திருக்கிற இந்தக் கடையில் குமட்டியது.

"அண்ணா, எது கையில இருக்கோ அதை எடுத்துட்டுப் போயிடலாம். ஏழு மணிக்குள்ள மாட்டிடணும். அப்பாவுக்கு மூச்சே சரியில்ல."

"அப்பாவுக்குத்தானேடி இவ்வளவு பாக்கறேன்? கண்ணு மங்கிப்போன மனுஷன். பெருசா, தெளிவா இருந்தாத்தானே அவருக்குத் தெரியும்?"

அப்பாவுக்கு என்ன வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மில் வாசலில் காவல்காரராக இருந்தவர் அவர். உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் எழுந்து நின்று வணக்கம் சொல்லித் தேய்ந்த உடம்பு. பாதிப் பேர் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. வேலையை விட்டு வந்து, கண்ணும் மங்கி, கூடத்துக் கட்டிலோடு கிடந்த பிறகு, பழைய குண்டு டி.வி.யில் ஏழு மணிச் செய்தி வாசிக்க வருகிறவள்தான் அவருக்குத் துணை. அவள் "வணக்கம்" என்றதும், படுத்த வாக்கில் "வணக்கம்மா" என்பார். ஏழு மணிக்காரி என்று பெயர்கூட வைத்திருந்தார்.

"ஆயுசு பூரா நான்தான் மொதல்ல சொன்னேன்," என்பார். "இவ ஒருத்திதான் எனக்கு மொதல்ல சொல்றா."

முகம் தெரியாது; குரல் போதும். அதற்காகச் சத்தத்தைக் கூட்டி வைத்தால், "காது கிழியுது" என்று அண்ணி உள்ளேயிருந்து வருவாள். போன வாரம் பழையதைக் காயலான் கடைக்காரன் விலைக்கு எடுத்துக்கொள்கிறான் என்று தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். புதியதைத் தேர்ந்தெடுக்க முடியாமல் அண்ணன் கடை கடையாக ஏறிக்கொண்டிருந்தான். கூடத்துச் சுவரில் புதியதை மாட்ட நாலு ஓட்டை மட்டும் தயாராக இருந்தது. அப்பா தினமும் ஏழு மணிக்கு அந்த ஓட்டைகளைப் பார்த்துக் காத்திருந்தார்.

"சின்னது இங்கேயே இருக்கு மேடம், இப்பவே ஆட்டோவில ஏத்திடலாம்," என்றான் விற்பனையாள். "பெருசு கெடங்குலேர்ந்து வரணும். நாளைக்குத்தான்."

"சின்னதையே குடுங்க," என்றாள் அவள்.

"இருடி." அண்ணன் கையைக் காட்டினான். "ஒரு தடவைதான் வாங்கறோம். எது சரியா இருக்கும், நீங்க சொல்லுங்க."

"தூரத்தைப் பொறுத்தது சார். டி.வி. மாட்டற சுவத்துக்கும், பாக்கறவங்களுக்கும் நடுவுல எவ்வளவு?"

"இப்போ ஒரு அஞ்சு அடி இருக்கும்."

"அஞ்சடிக்குச் சின்னதே ஜோரா இருக்கும் சார்."

அவளுக்கு மூச்சு வந்தது. அண்ணன் காதைச் சொறிந்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அது… இப்போ நடுவுல கட்டில் கெடக்கு. கட்டில் போனப்புறம் சோபா பின்னால வந்துடும். ஒம்பது அடி வரும்."

"அப்போ யோசிக்கவே வேணாம் சார். பெருசையே எடுத்துடுங்க."

பல்லி நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. ஈயைக் காணோம்.

ஆட்டோவில் திரும்பும்போது அண்ணன் ரசீதை மடித்து மடித்துப் பையில் வைத்து, "நாளைக்கு வந்துடும், ஒரு நாள்ல என்ன குடி முழுகிடப்போகுது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தான். அவன் வாயிலிருந்து கடையில் கொடுத்த இலவச மிட்டாயின் வாசம் வந்தது. அவள் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் அண்ணி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, போனில் தன் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள். "பெருசா? அப்படியேதான் கெடக்கு, இழுத்துக்கிட்டு… ம்ம். சோபாவைத் திருப்பிப் போட்டா ஹாலே மாறிடும்."

அப்பாவின் வாயோரம் எச்சில் வழிந்து காய்ந்திருந்தது. ஒரு ஈ உட்கார்ந்திருந்தது, சின்ன ஈ, காலின் மயிரெல்லாம் தெரியாத சாதாரண ஈ. அவள் விரட்டினாள். ஈரத்துணியால் துடைத்தாள்.

"மணி ஏழாச்சா?" என்றார் அப்பா.

"ஆகப்போகுதுப்பா."

"அவ வரலையா?"

அவள் தன் போனில் செய்தியைத் தேடிப் பிடித்து அவர் காதோரம் வைத்தாள். உடைந்த கண்ணாடிக்குள்ளிருந்து கீச்சு கீச்சென்று ஒரு குரல். அப்பா கையைத் தூக்கி அடிக்கப் பார்த்தார்.

"கொசு," என்றார்.

அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. கொஞ்ச நேரத்தில், சுவரிலிருந்த ஓட்டைகளைப் பார்த்தபடி போய்விட்டார்.

அண்ணன் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். பாசாங்கு இல்லை, நிஜமான அழுகை. மூக்கு ஒழுக, தோள் குலுங்க அழுதான். "பெருசா வாங்கிக் குடுக்கணும்னு இருந்தேனே, ஒரு நாள் பொறுக்கக்கூடாதாப்பா!" அழுகை நிஜமாக இருந்ததுதான் அவளால் பொறுக்க முடியவில்லை. பொய்யென்றால் காறித் துப்பிவிட்டுப் போய்விடலாம். அவள் கொல்லைக் குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். திரும்பக் கழுவினாள்.

மறுநாள் கூடத்தில் ஐஸ் பெட்டி. அடியில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. வந்தவர்கள் ஈரத்தை மிதித்துக்கொண்டு வந்து முகம் பார்த்துவிட்டு, மேலே இருந்த நாலு ஓட்டைகளையும் பார்த்துவிட்டுப் போனார்கள். சன்னலில் சார்ஜ் போட்டிருந்த அண்ணனின் போன் அடித்தது. அண்ணன் வண்டிக்குச் சொல்ல வெளியே போயிருந்தான். சித்தப்பா எடுத்தார். அவருக்குக் காது மந்தம். எந்தப் போனானாலும் ஸ்பீக்கரில் போட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி பேசினால்தான் பேசிய மாதிரி இருக்கும்.

"சார், பெருசை எப்ப எடுக்கறீங்க?" என்றது போன்.

கூடம் முழுக்கக் கேட்டது. அவளுக்குக் குரல் தெரிந்துவிட்டது. டை கட்டியவன்.

"அஞ்சு மணிக்கு எடுக்கறோம்பா," என்றார் சித்தப்பா. "அதுக்கு மேல வச்சிருந்தா நல்லா இருக்காது."

"சரி சார். நீங்க ஒண்ணும் சிரமப்பட வேணாம், ரெண்டு பேரை அனுப்பறோம். அவங்களே தூக்கிடுவாங்க."

சித்தப்பாவின் கண் கலங்கிவிட்டது. "மகராசனா இருப்பே. தோள் குடுக்க ஆளில்லையேன்னு நெனச்சுட்டே இருந்தேன்." போனை வைத்துவிட்டு எல்லோரையும் பார்த்தார். "யாரு பெத்த புள்ளையோ. சொந்தக்காரனெல்லாம் வாசலோட நிக்கறான், இவன் தானா வந்து தூக்கறேங்கறான்."

மூலையிலிருந்த ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். தங்கை வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். வரட்டும் என்று இருந்துவிட்டாள்.

சரியாக ஐந்து மணிக்கு வந்தார்கள். பாடையைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் நிலைப்படிக்கு வரும்போது, எதிரே படியேறி வந்த இரண்டு பேரின் கையில் தட்டையாக, நீளமாக ஒரு அட்டைப்பெட்டி. இரண்டும் ஒரே வாசலில் நேருக்கு நேர் நின்றன. எது முதலில் வழி விடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

தலைமாட்டைப் பிடித்திருந்த அண்ணன் கத்தினான். "பாத்து, பாத்து! சாய்க்காதீங்க! இடிச்சுடப் போறீங்க!"

எதைச் சொன்னான் என்று யாரும் கேட்கவில்லை. அவன் கண் போன திக்கைத் தங்கை மட்டும் பார்த்தாள்.

கடையாட்கள்தான் பெட்டியைத் திண்டாடித் திண்டாடிச் சுவரோரம் சாய்த்தார்கள். முன்னால் நின்றவன் செருப்பைக் கழற்றிவிட்டான். பாடையைப் பிடித்திருந்த சித்தப்பா திணறுவதைப் பார்த்து, "குடுங்க பெரியவரே," என்று தோளை மாற்றிக்கொண்டான். யார் எவர் என்று கேளாமல் வண்டி வரை கொண்டுபோய் ஏற்றிவிட்டு, தோளைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்தான்.

"சொன்ன மாதிரியே வந்துட்டான் பாரு," என்றார் சித்தப்பா, வண்டிக்குள்ளிருந்து.

ஆண்களோடு வண்டி போய்விட்டது. ஐஸ் பெட்டியையும் எடுத்துப் போய்விட்டார்கள். பெண்கள் கூடத்து ஈரத்தைத் துடைத்தார்கள்.

"நாங்க வேணா இன்னொரு நாள் வர்றோம் மேடம்," என்றான் தோள் கொடுத்தவன்.

"வந்தது வந்துட்டீங்க," என்றாள் அண்ணி, அழுது வீங்கிய கண்ணோடு. "மாட்டிட்டே போயிடுங்க. இன்னொரு தடவை எதுக்கு அலையணும்?"

கட்டிலைக் கொல்லைக்குத் தூக்கினார்கள். சோபா பின்னால் போனது. ஒன்பது அடி. நாலு ஓட்டையிலும் திருகாணி ஏறியது. திரையின் மேல் ஒட்டியிருந்த தாளை உரித்தபோது, காயத்துப் பிளாஸ்திரியை ஒரே இழுப்பில் பிய்க்கிற சத்தம் வந்தது.

தோள் கொடுத்தவன் ஒவ்வொரு சேனலாகத் தள்ளிக்கொண்டே வந்தான். மணி ஏழு.

ஏழு மணிக்காரி வந்தாள். அவள் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பவுடர் வெடித்துப் பாளம் பாளமாக நின்றது. மூக்கோரம் வேர்வை முத்துகள். மேலுதட்டில் பூனை மயிர். வயதானவள்தான்.

"வணக்கம்," என்றாள்.

கூடத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

"படம் தெளிவா இருக்கா மேடம்?" என்றான் ரிமோட் வைத்திருந்தவன்.

"அப்படியே நேர்ல பாக்கற மாதிரி இருக்கு," என்றாள் அண்ணி.

தங்கை திரையைப் பார்க்கவில்லை. கட்டில் கால்கள் நின்ற இடத்தில் தரை இன்னும் நாலு வட்டமாக வெளுத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்க தம்பி," என்றாள்.

அவன் கூட்டினான். அண்ணி நெற்றியைச் சுருக்கினாள்.

"இதுக்கு மேல வச்சா காது வலிக்கும்க்கா," என்றான் அவன்.

"கூட்டுங்க."