முன்கட்டையின் உட்புறம்

கழற்றிப் பார்க்காமல் துப்பாக்கியைப் பற்றிப் பேசுகிறவன் வாயைத்தான் கழற்ற வேண்டும் என்பது கோபிகாவின் கட்சி. மேலே பார்த்தால் எல்லாமே சீமான் வீட்டுத் துப்பாக்கிதான். விற்ற கடைக்காரனின் பெயர் தங்க எழுத்தில் மினுங்கும். செய்தவன் பெயர் அடியில், மரம் மூடிய இடத்தில், இரண்டு எழுத்தாக ஒடுங்கிக் கிடக்கும்.

மொன்றியலின் சென்ட் லோரன்ட்டில் றெனோல்ட் நடத்தும் ஏலக்கடையின் பின்னறையில் அன்று அவள் முன்னால் இருந்ததும் அப்படி ஒன்றுதான். ஜெர்மன்காரர்கள் டிரில்லிங் என்று சொல்லும் மூன்று குழல் வேட்டைத் துப்பாக்கி. மேலே ரவை சுடும் குழல்கள் இரண்டு, அடியில் ஒற்றைத் தோட்டாவுக்கு மரை வெட்டிய குழல் ஒன்று. சென்ட் ஜெரோம் பக்கத்து வேட்டைக்காரர் ஒருவர் ஏலத்துக்குக் கொடுத்திருந்தார். வருவதைச் சோதித்துப் பட்டியல் குறிப்பு எழுதுவது கோபிகாவின் வேலை.

விருதுநகர் தாலுகா அலுவலகத்தில் சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று வரிசையில் நின்றே வளர்ந்தவளுக்கு முத்திரை வாசிக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குழலைத் திருப்பினாள். கிரீடத்தின் கீழ் ‘யூ’ இருந்தால் அரசுச் சோதனை முடிந்தது. ‘எஸ்’ இருந்தால் ரவைக் குழல். ‘ஜி’ இருந்தால் மரைக் குழல். பக்கத்தில் 9 27. ஒன்பதாம் மாதம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு. ஜெர்மனியின் சூல் நகரத்துத் துப்பாக்கிச் சோதனைச்சாலை இப்படித்தான் தேதி போடும். மாதம், ஆண்டு, அவ்வளவுதான். குழல் செய்தவனின் எழுத்து எஃப். கே. யாரென்று எந்தப் பட்டியலிலும் இல்லை.

இடது கை தாங்கிப் பிடிக்கிற மரத்தை முன்கட்டை என்பார்கள். அதையும் கழற்றினாள். கையில் லேசாகக் கடகடத்தது. உள்ளே ஒட்டுப்போட்ட விரிசல் மறுபடி வாய் திறந்திருந்தது. ஒட்டின் ஓரத்தில், பென்சிலில், எறும்பளவு எழுத்து.

ர 2 25.

கோபிகா கட்டையை மேசையில் வைத்தாள். பிறகு எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

அந்த ‘ர’வின் வால் அவளுக்குத் தெரியும். இரண்டு வருடம் இதே மேசையின் அந்தப் பக்கம் இருந்து மரம் செதுக்கியவன் ரதீசன். செய்து முடித்த ஒவ்வொரு கட்டையின் உள்ளேயும் சூல்காரர்கள் மாதிரியே மாதமும் ஆண்டும் போடுவான். “நூறு வருசம் கழிச்சு ஒருத்தி கழட்டிப் பாத்து, ஆரடா இந்த ர எண்டு தலையைச் சொறியவேணும் கோபி” என்பான். சாப்பாட்டு நேரத்தில் தன் புட்டில் பாதியை அவள் டப்பாவில் தள்ளிவிட்டு, அவள் சாம்பார் சாதத்தைப் பறித்துக்கொள்வான். அவன் சிரிப்பில் அவள் ஒரு வாழ்க்கையே கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

போன நவம்பரில், ஜெர்மனியில் அண்ணனிடம் போகிறேன் என்றான். நிரந்தரமாக. விமான நிலையத்துக்கு வரவேண்டாம் என்றான். அவளும் போகவில்லை. அதன்பிறகு ஐந்து மாதமாக, அவளுக்கு ஜெர்மனியில் மணி என்ன என்பது எப்போதும் தெரியும். பஸ்ஸில் நிற்கும்போது, அங்கே இப்போது சாப்பிட்டிருப்பான் என்று ஆறு மணி நேரம் கூட்டிக்கொள்வாள்.

நவம்பரில் போனவன் பிப்ரவரியில் சென்ட் ஜெரோம்காரர் கட்டையில் எப்படிப் பென்சில் வைத்தான்?

ஒட்டை நகத்தால் சுரண்டினாள். பசை மாவாக உதிர்ந்தது. குளிரில் ஒட்டியது. “குளிருக்க பசை பிடிக்காது, ரெண்டு நாள் சூட்டில வை” என்று அவளைத் திட்டியவனே அவன்தான். மொன்றியல் பிப்ரவரியில், சூடேற்றாத ஏதோ கராஜில் குந்தியிருந்து, அவசரமாக ஒட்டியிருக்கிறான். கோபம் வந்தது. அதற்கு முன்னால், அவனுக்குக் கை விறைத்திருக்குமே என்ற நினைப்பு வந்து தொலைத்தது.

கட்டையோடு முன்னறைக்குப் போனாள். றெனோல்ட் கணினியில் ஏலப் பட்டியலுக்குப் படம் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணா, ஜெர்மனி எவ்ளோ தூரம்?”

“என்ன பிள்ளை திடீரெண்டு? பிளேன்ல ஏழு, எட்டு மணித்தியாலம்.”

“கராஜ் கதவ சாத்திட்டு உக்காந்தா?”

கட்டையை அவர் விசைப்பலகை மேல் வைத்தாள். றெனோல்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். பார்த்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, அவருக்கு இது புதுச் செய்தி இல்லை.

“விசரன். இதுக்கையும் பேர் எழுதினவனே!”

“நீங்கதான் அந்த வேட்டைக்காரர அவன்கிட்ட அனுப்பினீங்க. இல்லையா?”

“ஓம்.” றெனோல்ட் கண்ணாடியை இறக்கினார். “கேளும் பிள்ளை. தாய் மனுசி தன்ர தலையில கை வைச்சு, உம்மைக் கட்டமாட்டன் எண்டு சத்தியம் வாங்கிப்போட்டா. இந்தியாக்காரி, என்ன ஆக்களோ தெரியாது எண்டு ஒரே அழுகை. உம்மட்ட நேர சொல்ல அவனுக்குத் துணிவில்லை. ஜெர்மனி எண்டால் நீர் தேடமாட்டீர் எண்டு நினைச்சான்.”

“என்ன ஆக்கள்னு கேட்டிருந்தா நானே சாதி சர்டிபிகேட் காட்டியிருப்பேனே. தாசில்தார் சீல் வெச்சது இருக்கு.”

றெனோல்ட் கட்டையை விசைப்பலகையிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டினார்.

“எங்க இருக்கான்?”

“டொலார்ட்ல. முருகன் கோயிலுக்குக் கிட்ட, தமக்கை வீட்டுக் கராஜ்.”

பதினைந்து நிமிடக் கார்த் தூரம். ஐந்து மாதமாக அவள் கடலைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். தைப்பூசத்துக்கு அதே கோயிலுக்குத்தான் போயிருந்தாள். எந்தக் கராஜ் வாசலில் பனியை மிதித்து நடந்தாளோ.

“நான் பின்னேரம் அந்தப் பக்கம் போறன்” என்றார் றெனோல்ட், குரலைத் தணித்து. “இந்த ஒட்டை அவனே திருப்பிச் செய்யட்டும். நீரும் வாறீரோ?”

ஜன்னலுக்கு வெளியே உருகுகிற பனி சேறாகி, பஸ் போகும்போதெல்லாம் நடைபாதையில் தெறித்தது. வருகிறேன் என்ற சொல் அவள் நாக்கின் நுனியில்தான் இருந்தது. கோட்டு மாட்ட இரண்டு நிமிடம் போதும்.

“ஒளிஞ்சது அவன். நான் எதுக்கு வரணும்?”

பின்னறைக்குத் திரும்பினாள். பென்சிலைச் சீவினாள். அவன் எழுத்துக்குக் கீழே கடுகளவில் ஒரு கிரீடம் வரைந்தாள். அதன் கீழே: கோ 4 25. சோதித்தாயிற்று என்று அர்த்தம். அவனுக்கு அது புரியும். சோதித்து, தேறவில்லை என்பதற்கு ஜெர்மன்காரன் ஏதாவது குறி வைத்திருக்கிறானா என்று ஒரு கணம் யோசித்தாள். வைத்திருந்தாலும் போட்டிருக்கமாட்டாள்.

பின்னேரம் றெனோல்ட் எடுத்துப்போன கட்டை ஒன்பது நாள் திரும்பி வரவில்லை. அந்த ஒன்பது நாளும் கடைக் கதவு திறக்கும்போதெல்லாம் அவள் கழுத்து தானாகத் திரும்பியது. “பொன்ஜூர்” என்று யாராவது கிழவர் பனிச் சப்பாத்தோடு நுழைவார். ஒருநாள் ரதீசனுடையதைப் போன்ற நீலக் கோட்டு ஒன்றைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டாள்; வந்தவர் கூரியர்க்காரர். தன்னைத் தானே திட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பத்தாம் நாள் றெனோல்ட் ஒரு துவாயில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

ஒட்டு எங்கே என்று விரலுக்குத் தெரியவில்லை. அத்தனை நேர்த்தி. சூட்டில் வைத்து, பொறுத்திருந்து செய்த வேலை. உள்ளே அவனுடைய பழைய எழுத்து பாதி தேய்ந்து, உருத் தெரியாமல் கிடந்தது. புது எழுத்து எதுவும் இல்லை. விளக்கடியில் சாய்த்தபோதுதான் கண்டாள். அவளுடைய கிரீடத்தின் மேல் மட்டும், மிக மெல்லிய தூரிகையால், வார்னிஷ் பூசியிருந்தான். ஒருமுறை அல்ல, காயவிட்டுக் காயவிட்டு நாலைந்து முறை. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். இனி யார் தேய்த்தாலும் அது போகாது.

அழியாமல் வைக்கத் தெரிகிறது. பஸ் ஏறி வரத் தெரியவில்லை.

“போடா” என்றாள், கட்டையைப் பார்த்து. குரல் அவள் நினைத்த அளவுக்குக் கடுமையாக வரவில்லை.

மாலைக்குள் பட்டியல் குறிப்பை எழுதி முடித்தாள். குழல் செய்தவர் எஃப். கே., விவரம் தெரியவில்லை. முன்கட்டை ஒட்டுவேலை, மொன்றியல், 2025. உட்புறத்தில் இரண்டு பென்சில் குறிகள்.

றெனோல்ட் தோளுக்கு மேலாக வாசித்தார். “பென்சில் குறியெல்லாம் ஏன் பிள்ளை? வாங்கிறவை குழம்புவினம். தெரியவில்லை எண்டு போட்டு விடும்.”

“தெரியாதத தெரியலன்னு போட்டாச்சு. இது தெரியும்.”

இரண்டு பெயர்களையும் முழுதாக, முதலில் அவனுடையதையும் அடுத்துத் தன்னுடையதையும், பக்கத்தில் பக்கத்தில் தட்டினாள். பிறகு முன்கட்டையைக் குழலோடு பொருத்தி அழுத்தினாள். கடகடப்பு இல்லை. கொக்கி ‘டிக்’ என்று விழுந்து பூட்டிக்கொண்டது. கடைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. இந்த முறையும் அவள் கழுத்து திரும்பியது.