கண்காட்சிக்குப் போன வீடு

நெய்வேலி நகரியத்துக் கலை மன்றத்தில் பொங்கல் கண்காட்சி வைத்தார்கள். அதில் 'மண்ணின் கதை' என்று ஒரு பகுதி. அட்டைக் குடிசை வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் நிஜக் குடிசையே வேண்டும், நாலு நாளில் திருப்பித் தந்துவிடுவோம் என்று மன்றச் செயலாளர் கருணாகரன் கேட்டபோது பெரியண்ணனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மாலை வகுப்பில் தட்டச்சு படிப்பவன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பலகை எழுதும் வேலையும் அவனிடமே வந்தது. 'சுரங்கம் வருமுன் இங்கு வாழ்ந்தவர்களின் வீடு.' வாழ்ந்தவர்கள் என்ற இடத்தில் தூரிகை கொஞ்சம் நின்றது. தனக்குத்தான் இலக்கணம் போதவில்லையோ என்று நினைத்து, சொன்னபடியே எழுதி முடித்தான்.

அம்மா செங்கமலத்துக்கு மனசே இல்லை. சுரங்கம் விரிந்துகொண்டே வந்தது. மண் வெட்டும் இயந்திரத்தின் உறுமல் இப்போது அவர்கள் தெருவரைக்கும் கேட்டது. தெருவை எடுக்குமுன் கதவில் எண் போட சுரங்கத்து ஆட்கள் வருவார்கள், எண் விழுந்த வீட்டுக்குத்தான் மாற்று மனை என்று பேச்சு. பட்டா இல்லாத ஜனத்துக்கு அந்தச் சுண்ணாம்பு எண்தான் எல்லாம்.

"பொங்க நேரத்துல எவன்மா வேலைக்கு வருவான்?" என்று பெரியண்ணன் அவளைச் சமாதானப்படுத்தினான்.

தட்டி, கூரை, நிலை, கதவு எல்லாம் லாரியில் ஏறின. அம்மா பக்கத்து வீட்டு நாகம்மாளிடம் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கூட்டம் குறையவில்லை என்று கண்காட்சியை இன்னும் ஒரு வாரம் நீட்டினார்கள். அந்த வாரத்தில்தான் ஆட்கள் வந்தார்கள். நாகம்மாள் கதவில் ஓர் எண் விழுந்தது. அதற்கடுத்த எண், வெறும் மண்தரையைத் தாண்டி, அந்தப்பக்கத்துக் கதவில் விழுந்தது. தரையில் நின்ற செங்கமலத்திடம் வீடு எங்கே என்று கேட்டார்கள்.

"டவுன்ஷிப்ல வச்சி வேடிக்கை காட்டிக்கினு இருக்காங்க."

கேலி பேசுகிறாள் என்று நினைத்து நடந்துவிட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் அந்தத் தெருவை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். பெரியண்ணன் சைக்கிளை மிதித்துக்கொண்டு மன்றத்துக்குப் போனான். கதவையாவது கொடுங்கள், கொண்டுபோய் நிறுத்திக் காட்டுகிறேன் என்று கெஞ்சினான். கருணாகரன் கோபப்படவில்லை, தோளில் கைபோட்டார்.

"நாளைக்குப் பெரிய அதிகாரிங்கல்லாம் வர்றாங்க தம்பி. உங்க ஜனங்களோட வரலாறு இது. நடுவுல பிரிச்சா நல்லாவா இருக்கும்?"

பதிலுக்கு வாயெடுத்தவனுக்கு, கேட்பதே தப்போ என்று தோன்றிவிட்டது.

அதற்குள் அம்மா பின்னாலேயே நடந்து வந்திருந்தாள். தலையில் சுள்ளிக்கட்டு, இடுப்பில் பானை. குடிசையைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டினாள். தொடக்கூடாது என்று காவலாளி தடுத்தான்.

"என் வூட்ட நான் தொடாம, உங்கப்பனா தொடுவான்?"

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ் விழுந்தது.

வரிசையில் நின்றவர்களுக்கு ஒரே சந்தோஷம். சமையல்கூடச் செய்து காட்டுகிறார்கள் என்று ஒருவர் மனைவியிடம் சொன்னார். ஓலை இடுக்கில் புகை கசிந்தது. மேலே துணிப்பந்தலைக் கூரையிலிருந்து கைக்கெட்டும் உயரத்தில் கட்டியிருந்தார்கள். பெரியண்ணன் கதவைத் தட்டினான், முதலில் மெதுவாக, பிறகு இரண்டு கையாலும்.

"நம்பர் போடறவன இங்க இட்டுக்கினு வா. அப்பறம் தொறக்கறேன்" என்றது உள்ளிருந்து அம்மாவின் குரல்.

கூட்டம் கைதட்டியது. புகை பந்தலைத் தொட்டு விரிந்தது. சரியாகத் தெரியவில்லை என்று பின்னால் நின்றவர்கள் இன்னும் முன்னால் நெருக்கினார்கள்.